கரைசேர்த்த கப்பல்



சென்ற தவணையில் ஒரு நாள் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவருக்கு மணிமேகலைக் காப்பியத்திலே வரும் ஆதிரையின் கதையைக் கூறிக்கொண்டிருந்தேன். ஆதிரையின் கணவன் சாதுவன் கைப்பொருளை இழந்து, பொருள் தேடும்பொருட்டுக் கடல்வணிகரோடு கப்பலேறுகின்றான். கப்பல் உடைகின்றது. தப்பிக் கரை சேர்ந்தோர் அவன் மாண்டான் என்று ஆதிரையிடம் வந்து சொல்லுகின்றனர். அவள் தீப்புகுகின்றாள், தீ அவளைச் சுடவில்லை. அவனோ ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையை அடைந்து, பின்னர் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலிலே ஊர் திரும்புகின்றான். இவ்வளவும் நேயர்கள் அறிந்த கதைதான்.

கதையை முடித்ததும் பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அந்தச் சந்திரதத்தனைப் பற்றிக் காப்பியத்தில வேற ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான். இல்லையென்றேன். பெயர் மாத்திரம் உண்டு. கப்பல் அந்தப் பக்கம் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான். "டைட்டானிக் படத்திலயும் அப்பிடித்தான் சேர். ஆக்களை ஏத்திக்கொண்டு வந்த கப்பலைக் கொஞ்ச நேரந்தான் காட்டுறாங்கள். அந்தக் கப்பலுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்றான்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. ஆசிரியன் ஒருவன் தன் அறியாமையை மறைக்கக் கையாளும் "அதைப் பிறகு பார்ப்பம், இப்ப பாடத்தைப் பாருங்கோ" என்ற பழைய உபாயத்தையே நானும் கையாண்டேன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. கிடைத்தவற்றைத் தேடி வாசித்தேன். மாணவனுக்குக் கூறிய மறுமொழியையே சற்று விரித்து இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அக்கப்பலின் பெயர் கார்பேதியா. மத்திய ஐரோப்பாவிலுள்ள கார்பேதிய மலைத்தொடரின் பெயரை அதற்கு இட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கே தைன் ஆற்றங்கரையிலுள்ள கப்பற்றளத்திலே, கியூனார்ட் கொம்பனிக்காகக் கட்டப்பட்டு, 1902 ஓகஸ்ட் 6 ஆம் திகதி நீரில் இறக்கப்பட்டது. 1903 மே 5 ஆம் திகதி லிவர்ப்பூலிலிருந்து அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. நீளம் 558 அடி. கொள்ளளவு பதின்மூவாயிரத்து ஐந்நூறு தொன்னுக்குச் சற்று மேல். ஒற்றைப் புகைபோக்கி, நான்கு பாய்மரக் கம்பங்கள். மணிக்குப் பதினான்கு கடல் மைல் செல்லக்கூடியது. இதனோடு ஒப்பிட்டால் டைட்டானிக் 882 அடி நீளமும் நாற்பத்தாறாயிரம் தொன் கொள்ளளவும் கொண்டது. கியூனார்ட் கொம்பனியே 1907 இல் ஓடவிட்ட மௌரித்தேனியா இருபத்தைந்து கடல் மைல் வேகத்தை எட்டி, அத்திலாந்திக்கை மிக விரைவாகக் கடக்கும் கப்பல் என்ற பெயரை இருபது வருடங்களுக்கு மேல் வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கப்பல்களைப் பற்றி எழுதித் தள்ளியவை எல்லாம் இத்தகைய அரசிகளைப் பற்றியே. கார்பேதியாவைப் பற்றி எழுத அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

ஆனால் அது சும்மா இருந்த கப்பலன்று. தொடக்கத்தில் அதில் முதலாம் வகுப்பே இருக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்காகவே அது கட்டப்பட்டது. 1904 இல் கியூனார்ட் கொம்பனி ஹங்கேரி அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி ஏட்ரியாட்டிக் கடலோரத்து ஃபியூமே துறைமுகத்திலிருந்து (இன்று குரோஷியாவிலுள்ள ரியேக்கா) குடிபெயர்வோர் நியூயோர்க்குக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 1905 இல் கார்பேதியா மாற்றியமைக்கப்பட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோரை ஏற்றத்தக்கதாயிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினர்.

மேற்கு நோக்கிப் போகும்போது ஹங்கேரியரும் குரோஷியரும் இத்தாலியருமான ஏழைக் குடியானவர், மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளை குட்டிகளோடும். கிழக்கு நோக்கித் திரும்பும்போது மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அமெரிக்கச் செல்வந்தர். அவர்களோடு, போன நாட்டிலே உழைத்து ஊர் திரும்புவோர். கப்பலின் சமையற்கூடத்திலும் வைத்தியசாலையிலும் பல மொழிகள் பேசப்பட்டன. ஆங்கில வைத்தியர் ஒருவர், இத்தாலிய வைத்தியர் ஒருவர், ஹங்கேரிய வைத்தியர் ஒருவர் என மூவர் இருந்தனர். இந்த மூன்று வைத்தியர்களை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருத்தல் நன்று.

1912 ஜனவரியில் ஆர்தர் றொஸ்ட்ரன் என்பவர் அதன் கப்டனானார். வயது நாற்பத்திரண்டு. குடியும் புகையும் இல்லாதவர், இறைபக்தி மிக்கவர், சுறுசுறுப்பானவர். கீழுள்ளோர் அவரை "மின்பொறி" என்று பட்டப்பெயரிட்டு அழைத்தனராம். ஏப்ரல் 11 ஆம் திகதி எழுநூற்று நாற்பதுக்கு மேற்பட்ட பயணிகளோடு கார்பேதியா நியூயோர்க்கிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. ஜிப்ரால்டர், ஜெனோவா, நேப்பிள்ஸ், திரியெஸ்த், ஃபியூமே என்ற வழமையான பாதைதான்.

ஏப்ரல் 14 ஆம் திகதி நள்ளிரவு. கப்பலிலே கம்பியில்லாத் தந்திக்கு இருந்தவர் ஒரேயொருவர். ஹரோல்ட் கொட்டம் என்னும் இருபத்தொரு வயது இளைஞர். காலை தொட்டு வேலை செய்து களைத்திருந்தார். அவருக்கு மாற்றாள் கிடையாது. எந்த நேரம் படுக்கலாம், எந்த நேரம் எழும்பவேண்டும் என்று சட்டமும் இல்லை. வேறொரு கப்பலுக்கு அனுப்பிய செய்திக்கு மறுமொழி வருமோ என்று எதிர்பார்த்திருந்தபடியால், சட்டையைக் கழற்றத் தொடங்கிய பின்னும் காதிலிருந்த கருவியைக் கழற்றாமல் இருந்தார். டைட்டானிக்குக்கென்று கரையிலிருந்து வந்த செய்திகள் சில காத்துக் கிடக்கின்றன என்பது அவர் காதில் விழுந்திருந்தது. சக தொழிலாளிக்கு ஒரு சின்ன உபகாரமாக அதனைச் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று டைட்டானிக்கை அழைத்தார். மறுமொழியாக வந்தது, உடனே வாருங்கள், பனிப்பாறையில் மோதிவிட்டோம் என்ற அபாய அறிவிப்பு.

நேயர்களே, இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திச் சிறிது நேரம் இருந்துவிட்டேன். நீங்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றீர்கள்; கேட்பது என்பதன் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டைட்டானிக்குக்கு மிக அண்மையில் நின்றது கலிபோர்னியன் என்ற கப்பல். அதிலும் தந்திக்கு ஒருவர்தான். அவர் அன்றிரவு பதினொன்றரை மணியளவில் கருவியை நிறுத்திவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். அவரிலும் குற்றமில்லை, அவரும் காலை முதல் உழைத்தவரே. இருவரையும் பிரித்தது, கழற்றப்படாத ஒரு காதுக்கருவி. பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் தந்தியைச் செவிமடுக்க ஆள் இருத்தல் வேண்டும் என்ற விதிகள் இதன் பின்னரே வந்தன. 1914 இல் லண்டனிலே உருவான கடற்பயண உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கைக்கு இந்த இரவே காரணம்.

கொட்டம் ஓடினார். கதவைத் தட்டாமலே கப்டனின் அறைக்குள் நுழைந்தார். நித்திரையிலிருந்த றொஸ்ட்ரனுக்கு முதலில் கோபம் வந்தது. விடயத்தைக் கேட்டதும் கப்பலைத் திருப்பும்படி கட்டளையிட்டார். கட்டளையிட்ட பின்னர்தான், "நிச்சயமாகத் தெரியுமா?" என்று இளைஞரைக் கேட்டார். இந்த வரிசை முறையைக் கவனிக்க வேண்டும். நாமெல்லாம் முதலில் நிச்சயம் கேட்போம், பின்னர் ஆலோசனை கேட்போம், அதற்குப் பின்னரும் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டைட்டானிக் அறிவித்திருந்த இடம் ஐம்பத்தெட்டு மைல் தூரத்தில் இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் றொஸ்ட்ரன் இட்ட கட்டளைகளை, சில நாட்களின் பின் அமெரிக்க செனற் விசாரணையில் அவரே வரிசையாகச் சொன்னார். ஆங்கில வைத்தியர் முதலாம் வகுப்புச் சாப்பாட்டு மண்டபத்திலும், இத்தாலிய வைத்தியர் இரண்டாம் வகுப்பிலும், ஹங்கேரிய வைத்தியர் மூன்றாம் வகுப்பிலும் மருந்துகளோடு ஆயத்தமாக நிற்கவேண்டும். சூப்பும் கோப்பியும் தேத்தண்ணீரும் காய்ச்சவேண்டும். கம்பளிகள் எல்லாம் வாயில்களுக்கு வரவேண்டும். பக்கக் கதவுகளைத் திறந்து, ஏணிகளையும் கயிறுகளையும் தொங்கவிடவேண்டும். ஏற இயலாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய கதிரைகள். குழந்தைகளை இழுத்து ஏற்றுவதற்குக் கன்வஸ் பைகள். அலையை அடக்கக் கப்பலின் இருபுறமும் எண்ணெய் ஊற்றுவதற்கு ஆயத்தம். தங்கள் சொந்தப் பயணிகள் வெளியே வந்து வழியில் நிற்காமற் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு நடைபாதையிலும் ஓர் ஆள். பிறகு, வருகிறோம் என்று டைட்டானிக்கில் உள்ளோர் அறிவதற்கு வானத்தில் வாணங்கள். குழந்தைகளுக்குப் பை வேண்டும் என்று அந்த நேரத்தில் ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறதே!

இனிக் கீழே போவோம். கொதிகலன்களுக்குக் கரி போடுவோர், கரியை அள்ளிக்கொண்டு வந்து குவிப்போர் என்று கப்பலின் அடிவயிற்றிலே வேலை செய்தோர் இருந்தனர். ஓய்வு முறையில் படுத்திருந்தவர்களும் எழுப்பப்பட்டனர். பயணிகளின் அறைகளுக்குப் போகும் சூடும் சுடுநீரும் நிறுத்தப்பட்டு, நீராவி முழுவதும் இயந்திரங்களுக்குத் திருப்பப்பட்டது. மேலே குளிரில் விழித்த பயணிகள் சிலர், தங்கள் கப்பலுக்கே ஏதோ நடந்துவிட்டது என்று பயந்தார்கள். கட்டில்கள் நடுங்கின. பதினான்கு மைல் கப்பல் அன்றிரவு பதினேழு மைல் வேகத்தில் ஓடியது என்பது எல்லா நூல்களிலும் காணப்படும் கூற்று.

இதிலே ஒரு திருத்தம் சொல்லவேண்டும். டைட்டானிக் அறிவித்த இடம் பிழையானது. 1985 இல் அதன் சிதைவைக் கடலடியிற் கண்டபோது, அறிவித்த இடத்திலிருந்து ஏறக்குறையப் பதின்மூன்று மைல் கிழக்கே அது கிடந்தது. கார்பேதியா தென்கிழக்கிலிருந்து வந்தபடியால் உயிர்காப்புப் படகுகள் வழியிலேயே எதிர்ப்பட்டன. ஆகவே ஓடிய தூரம் ஐம்பத்தெட்டு மைலுக்குக் குறைவு. அதே மூன்றரை மணித்தியாலத்தில் ஓடியதாயின் வேகமும் பதினேழுக்குக் குறைவாகவே இருந்திருக்கும். கரி போட்டவர்களின் வியர்வையை இந்தக் கணக்குக் குறைக்கவில்லை. ஆனால் உயர்வு நவிற்சியை அணியாகக் கொள்ளும் நாம், அதனை வரலாறாகக் கொள்ளலாகாது என்பதற்காகச் சொன்னேன்.

வேகத்திலும் பெரிது அது ஓடிய இடம். பனிப்பாறையால் ஒரு பெருங்கப்பல் தாழ்ந்துகொண்டிருக்கும் அதே கடலுக்குள், இருட்டில், முழு வேகத்தில் நுழைகிறார்கள். முன்னணியத்திலும் கம்பத்திலும் மேலதிகக் காவலாட்கள் நிறுத்தப்பட்டனர். இரண்டாம் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் பிசெற் பிற்காலத்தில் தாமே பெருங்கப்பல்களின் கப்டனாகிச் சேர் பட்டமும் பெற்றவர். பனிப்பாறையொன்றில் பட்டுத் தெறித்த நட்சத்திர ஒளியைக் கொண்டே அதனை இனங்கண்டதாகத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அடுத்தடுத்துப் பாறைகள். விலகி விலகி ஓடினார்கள். விடிந்த பின் சுற்றிப் பார்த்தபோது இருநூறு அடி வரை உயர்ந்த பனிமலைகள் இருபதுக்கு மேல் நின்றன. றொஸ்ட்ரனின் கீழ் எழுநூற்று நாற்பது பயணிகளின் உயிர் இருந்தது. அவர்களைக் கேளாமல் அவர்களுடைய உயிரைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? விசாரணையிலும் இந்தக் கேள்விக்கு அண்மித்த ஒன்று எழுந்தது. வருவது ஆபத்து என்று தெரிந்தே வந்ததாகவும், உயிர்கள் தத்தளிக்கும்போது வராமல் இருக்க முடியாது என்றும் அவர் சொன்ன கருத்தைச் செனற்றர்கள் ஏற்றார்கள். பாறையொன்றில் மோதியிருந்தால் அதே செயலுக்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று குறுக்கிடுகின்றது, பொறுத்தருள்க. 1993 ஆம் ஆண்டில், நான் சிறுவனாயிருந்தபோது, நாங்கள் குடும்பமாகக் கிளாலிக் கடலேரியை இரவிலே வள்ளத்தில் கடந்தோம். ஓர் இயந்திர வள்ளத்தின் பின்னால் கயிற்றில் தொடுத்த பல வள்ளங்கள்; விளக்குக் கொளுத்தக் கூடாது; குழந்தை அழுதால் வாயைப் பொத்தவேண்டும். நடுவழியில் எங்கள் கயிறு அறுந்தது. முன்னால் போனவர்கள் அறியவில்லை. இருட்டில் அலைந்துகொண்டிருந்த எங்களை, எதிர்ப்பக்கமாக வெறும் வள்ளத்தோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கண்டு, தன் வழியை விட்டுத் திரும்பி, கயிறு போட்டு இழுத்துக் கரையில் விட்டார். அவருக்கும் தன் உயிர் இருந்தது. வீட்டில் அவருக்காகக் காத்திருந்தவர்களும் இருந்திருப்பர். ஐயா மடியிலிருந்து காசை எடுத்தார். "வைச்சிருங்கோ அண்ணை, பிள்ளையளுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பெயர் கேட்க ஐயா மறந்துபோனார். ஐயா சாகும்வரை அந்த மறதியைச் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

கார்பேதியா வந்து சேர்ந்தது அதிகாலை நான்கு மணியளவில். அதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் முன்னரே, இரண்டு இருபதுக்கு டைட்டானிக் தாழ்ந்துவிட்டது. நாலு பத்துக்கு முதலாவது படகு அணைந்தது. எட்டரை மணியளவில் கடைசிப் படகு. ஏறியவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர். 705 என்பாரும் 712 என்பாருமாகக் கணக்கு இன்றும் ஒருமுகப்படவில்லை. இறந்தோர் ஆயிரத்து ஐந்நூறு வரையில். கார்பேதியாவின் பயணிகள் தங்கள் அறைகளையும் உடுப்புகளையும் கொடுத்தார்கள். கப்டனின் அறையும் கொடுக்கப்பட்டது. மண்டபத்தில் இறைவழிபாடு நடந்தது. ஏற்றப்பட்டவர்களுள் பெண்கள் பலர், இன்னும் ஒரு படகு வரும், அதில் தங்கள் கணவர் இருப்பார் என்று கப்பலின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். ஆதிரையின் கதையை வகுப்பிலே சொல்லும்போது இனி எனக்கு இவர்கள் நினைவு வராமல் இராது. அவளுக்குச் சந்திரதத்தனின் கப்பல் வந்தது.

நியூயோர்க்குக்குத் திரும்பிய மூன்றரை நாட்களில் நடந்த ஒரு சம்பவம் பத்திரிகை வாசிக்கும் நேயர்களுக்குச் சுவைக்கும். கார்லொஸ் ஹேர்ட் என்ற சென் லூயிஸ் பத்திரிகையாளர் தன் மனைவியோடு விடுமுறைப் பயணமாகக் கார்பேதியாவில் வந்திருந்தார். உலகமே ஒரு வரிச் செய்திக்குத் தவித்துக்கொண்டிருக்க, அதன் நடுவில் தற்செயலாக இருந்த நிருபர் அவர். தந்தியை அவருக்குத் தரக் கப்டன் மறுத்துவிட்டார். தப்பியவர்களின் பெயர்ப்பட்டியலும் அவர்கள் உறவினருக்கு அனுப்பும் செய்திகளுமே முதலிடம் என்பது கப்டனின் கட்டளை. ஹேர்ட் கிடைத்த கடுதாசிகளில் எல்லாம் எழுதினார். எழுதியவற்றைச் சுருட்டுப் பெட்டியொன்றில் வைத்து, நீர் புகாமற் சுற்றி, மிதப்பதற்குத் தக்கைகளையும் கட்டி, நியூயோர்க்கை அண்டியதும் தேடி வந்த பத்திரிகைப் படகை நோக்கி எறிந்தார். அது ஒரு கயிற்றில் சிக்கித் தொங்கியது. மாலுமி ஒருவர் எடுத்துப் படகுக்கு எறிந்துவிட்டார். பயணிகள் கரையில் இறங்குமுன் பத்திரிகை வெளிவந்துவிட்டது.

கொட்டம் ஏறத்தாழ நித்திரையின்றிப் பெயர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். டைட்டானிக்கிலிருந்து தப்பிய தந்தியாளர் ஹரோல்ட் பிறைட், குளிரால் பாதங்கள் பழுதடைந்த நிலையிலும் வந்து உதவினார். ஏப்ரல் 18 ஆம் திகதி இரவு, மழையில், கார்பேதியா துறைமுகத்தை அடைந்தது. தன் துறைக்குப் போகுமுன், டைட்டானிக் சேரவேண்டியிருந்த துறைக்குப் போய், அதன் வெறும் உயிர்காப்புப் படகுகளை இறக்கிவிட்டது. டைட்டானிக்கின் பொருளாக அமெரிக்காவைச் சேர்ந்தவை அவைதாம். மறுநாள் றொஸ்ட்ரன் விசாரணையில் சாட்சி சொன்னார். ஓரிரு நாட்களில் கார்பேதியா தன் பழைய பாதையில் மத்தியதரைக் கடலுக்கு மறுபடியும் புறப்பட்டுவிட்டது. ஏற்றிய பயணிகளைச் சேர்க்கவேண்டுமல்லவா?

மே மாத இறுதியில் திரும்பி வந்தபோது, தப்பியவர்களின் குழு கப்டனுக்கு வெள்ளிக் கிண்ணம் வழங்கியது. கப்பலில் இருந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. கப்டனுக்குப் பொன், அதிகாரிகளுக்கு வெள்ளி, மற்றையோருக்கு வெண்கலம் என்றவாறு. கரி போட்டவருக்கும் வெண்கலம் கிடைத்தது. றொஸ்ட்ரன் அமெரிக்கக் காங்கிரசின் பதக்கத்தையும் பெற்றார். பல வருடங்கள் மௌரித்தேனியாவைச் செலுத்தினார். 1926 இல் சேர் பட்டம் பெற்றார். 1940 இல் காலமானார்.

இலக்கியமோ மூழ்கிய கப்பலோடு நின்றுவிட்டது. தோமஸ் ஹார்டி அந்த வருடமே கப்பலும் பனிப்பாறையும் சந்தித்ததைக் கவிதையாக்கினார். கடலோடியாக வாழ்ந்து எழுத்தாளரான ஜோசப் கொன்றாட், பெரிய கப்பல் என்றால் பத்திரமான கப்பல் என்ற மயக்கத்தைக் காரசாரமாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். தப்பியவர்களுள் ஒருவரான லோரன்ஸ் பீஸ்லி, என்னைப்போல ஒரு ஆசிரியர், சில கிழமைகளிலேயே ஒரு நூலை எழுதி முடித்தார். அது நிதானமான நல்ல நூல். வீழ்ச்சியிலே காவியம் கிடைக்கிறது. சூப்புக் காய்ச்சிக் கம்பளி எடுத்து வைப்பதில் என்ன காவியம் இருக்கிறது என்று கவிஞர்கள் எண்ணினார்களோ, என்னவோ.

மாணவன் கேட்ட கேள்விக்கு இனி வருகிறேன். 1914 இல் உலக யுத்தம் மூண்டது. கார்பேதியா போர்வீரரையும் சரக்கையும் ஏற்றி அத்திலாந்திக்கை இருபுறமும் கடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் முதலாம் உலக யுத்த வீரருள் இறுதியாக எஞ்சியிருந்து, 2011 இல் நூற்றுப்பத்து வயதில் காலமான பிராங்க் பக்கிள்ஸ், 1917 டிசம்பரில் போருக்குப் போனது இந்தக் கப்பலில்தான். டைட்டானிக்கின் ஆட்களை ஏற்றிய கப்பலில் போனேன் என்று அவர் கடைசிவரை பெருமையோடு சொல்லிவந்தார்.

1918 ஜூலை 15 ஆம் திகதி லிவர்ப்பூலிலிருந்து ஐம்பத்தேழு பயணிகளோடு, கப்பல் தொடரொன்றில் ஒன்றாக, பொஸ்டனை நோக்கிப் புறப்பட்டது. 1903 இல் முதன்முதல் ஓடிய அதே பாதை. 17 ஆம் திகதி காலை, அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள கடலில், ஜேர்மனியரின் யூ-55 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அதன்மீது டோர்பிடோ செலுத்தியது. ஒன்று பக்கத்தில் பட்டது. மற்றொன்று இயந்திர அறையில். அவ்வறையில் கரி போடுவோர் மூவரும் கரி அள்ளுவோர் இருவரும் உடனே மாண்டனர். மின்சாரம் அற்றுப்போக, தந்திக் கருவியும் செயலிழந்தது. உலகமெல்லாம் அதன் பெயர் அறியப்பட்டதற்குக் காரணமான அதே தந்தி! கப்டன் வில்லியம் புரோதரோ கொடிகளைக் கட்டியும் வாணங்களை விட்டுமே தொடரிலிருந்த மற்றைக் கப்பல்களுக்கு நிலைமையை அறிவித்தார். பயணிகள் அனைவரும் தொழிலாளருள் மற்றையோரும் படகுகளில் இறங்கினார்கள். நீர்மூழ்கி மேலே எழுந்து மூன்றாவது டோர்பிடோவையும் விட்டது. கார்பேதியா தாழ்ந்தது.

நீர்மூழ்கி பின்னர் படகுகளை நோக்கித் திரும்பியது. அந்நேரத்தில் ஸ்னோட்ரொப் என்ற சிறிய பிரித்தானியக் கடற்படைக் கப்பல் வந்து, பீரங்கியால் சுட்டு அதனைத் துரத்திவிட்டு, படகுகளில் இருந்த எல்லோரையும் ஏற்றி லிவர்ப்பூலுக்குக் கொண்டுபோனது. ஸ்னோட்ரொப் பற்றி யார் எழுதினார்கள்? அடுத்த மாணவன் கேட்கும் வரையில் நானும் தேடப்போவதில்லைப் போலும்.

2000 ஆம் ஆண்டில் கார்பேதியாவின் சிதைவு கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்நூறு அடிக்கு மேற்பட்ட ஆழத்தில், புரளாமல், நிமிர்ந்தபடி இருக்கின்றது.

இவையெல்லாவற்றையும் வகுப்பிலே சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன் மறுபடி எழுந்தான். "அந்த அஞ்சு பேற்றை பேர் தெரியுமோ, சேர்?" என்றான். லண்டனிலே ரவர் ஹில் என்ற இடத்தில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பற் தொழிலாளருக்காக ஒரு நினைவுமண்டபம் இருக்கிறது. அவர்களின் பெயர்களைக் கப்பல் கப்பலாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தன் மாமா லண்டனில் இருக்கிறார், அவரைப் போய்ப் பார்த்து எழுதி அனுப்பச் சொல்லப்போகிறேன் என்றான். எழுதி வந்தால் வகுப்புச் சுவரில் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கின்றேன்.